முன்னாள் மாணவர்களுக்கு ரேங்க் உண்டு

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவோடு மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தினார்கள், பிள்ளைகளின் மன உளைச்சல் குறையட்டும் என்று. முன்னாள் மாணவர் சந்திப்புகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இன்னும் வந்து சேரவில்லை.

அங்கே மார்க் போடும் முறையே வேறு. கார் சாவியை மேசைமேல் வைத்தால் பத்து மார்க். "இப்ப எங்கடா இருக்கே?" என்ற கேள்விக்கு நியூஜெர்சி என்றால் நூற்றுக்கு நூறு; "இங்கதான், நம்ம ஊர்லயே" என்றால் 35, ஜஸ்ட் பாஸ். வேலை போனவர் 'கன்சல்டன்ட்' என்று சொல்லி கிரேஸ் மார்க் வாங்கிக்கொள்வார்.

கணக்கில் சென்டம் எடுத்தவர், வீட்டுக்கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மனக்கணக்குப் போட்டபடி ஓரமாக உட்கார்ந்திருப்பார். கணக்கில் கோட்டை விட்டவர் ரியல் எஸ்டேட்டில் கொழித்து, ஃபிளெக்ஸ் பேனர் முதல் பிரியாணி வரை தன் செலவு என்று அறிவிப்பார். குரூப் போட்டோவில் நடு நாற்காலி அவருக்கே. வாத்தியார் அவர் தோளைத் தட்டி, "இவன் பெரிய ஆளா வருவான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்பார். அப்போது அவர் சொன்னது "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது மொத்த வகுப்புக்கும் தெரியும்.

ஏற்புரையில் காமராசர் வராமல் இருக்க மாட்டார். சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர், 1954-இல் முதலமைச்சரானவர் என்பதோடு உதாரணம் முடிந்துவிடும். தமக்கென்று ஒரு வீடுகூட வாங்காமல் போனவர் என்பதை, மனை விற்பவர் எப்படிச் சொல்வார்?