வரைவுக்கு ஒரு பாரம்பரியப் பட்டம்

யுனெஸ்கோவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்காக அல்ல. அதற்கு 2012 ஜூலை 1 அன்றே, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வைத்து உலகப் பாரம்பரியப் பட்டம் கட்டியாயிற்று. நான் முன்மொழிவது, அந்த மலையைக் காப்பாற்றப்போவதாகச் சொல்லி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டுவரும் வரைவு அறிவிக்கையை. மலை எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. வரைவு நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2014 மார்ச்சில் முதல் வரைவு. பிறகு 2015, 2017, 2018, 2022, 2024. மொத்தம் ஆறு. நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, மறுபடி பூக்க 2018 வரை எடுத்துக்கொண்டது. வரைவு அப்படிச் சோம்பேறிச் செடி அல்ல. பத்தே ஆண்டில் ஆறு முறை பூத்திருக்கிறது. ஒருமுறைகூடக் காய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாரம்பரியச் சின்னம் என்றால் அதன் அசல் தன்மை கெடாமல் இருக்க வேண்டும் என்பது யுனெஸ்கோவின் கறாரான நிபந்தனை. கெடவில்லை ஐயா. 2014-இல் பாதுகாக்க நினைத்த பரப்பு சுமார் 56,825 சதுர கிலோமீட்டர். 2024-இல் பாதுகாக்க நினைத்ததும் அதுவே. இடையில் எத்தனை குவாரி, எத்தனை ரிசார்ட், எத்தனை மண்சரிவு! காகிதத்தில் ஒரு மரம் குறையவில்லை.

இதன் பூர்வீகம் கொஞ்சம் ரசமானது. 2010-இல் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். போட்டவர்கள் செய்த ஒரே பிழை, அறிக்கை கேட்டால் நிஜமாகவே அறிக்கை எழுதிவிடக்கூடிய ஆளைப் பிடித்தது. அவர் 2011 ஆகஸ்ட் இறுதியில் கொண்டுவந்து கொடுத்தார். மலை முழுவதையும் சூழல் முக்கியத்துவத்தின்படி மூன்று மண்டலங்களாகப் பிரித்திருந்தார். எந்த மண்டலத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கிராமசபைகளிடம் கேளுங்கள் என்று வேறு சொல்லியிருந்தார். கிராமசபையிடம் கேட்பதா! அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தகவல் ஆணையம் சொல்லி, டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்ன பிறகுதான் 2012 மே மாதம் அது வெளியே வந்தது.

அடுத்த ஐந்தாறு வாரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மலையைப் பற்றிய அறிக்கையைத் தன் சொந்த மக்களுக்குக் காட்ட மறுத்து நீதிமன்றப் படியேறிய அரசு, அதே மலையை உலகத்துக்குக் காட்டிப் பட்டம் வாங்கியது. யுனெஸ்கோவுக்கு ஆலோசனை சொல்லும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றுதான் பரிந்துரைத்திருந்தது. நண்பர்களைத் திரட்டி அதையும் சமாளித்து, 39 இடங்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். அவற்றில் பத்து கர்நாடகத்தில். எங்கள் மலைக்குப் பட்டம் வேண்டாம், பட்டம் வந்தால் கட்டுப்பாடும் கூடவே வரும் என்று முறுக்கிக்கொண்டது கர்நாடக அரசு. இந்த விவகாரம் முழுவதிலும் மனதில் பட்டதை மறைக்காமல் பேசியவர்கள் அவர்கள்தான். மற்றவர்கள் பட்டத்தை வாங்கிச் சுற்றுலாச் சுவரொட்டியில் ஒட்டிவிட்டு, கட்டுப்பாட்டைக் கமுக்கமாகப் புதைத்தார்கள்.

புதைக்கும் முறை தெரிந்ததுதானே, இன்னொரு குழு. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கஸ்தூரிரங்கன் 2012 ஆகஸ்டில் அமர்த்தப்பட்டார். விண்வெளி விஞ்ஞானி என்பதால் மலையைச் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். காப்பாற்ற வேண்டிய பகுதி 37 சதவீதமாகச் சுருங்கியது. அதுவும் அதிகம் என்று கேரளம் தனிக் குழு போட்டு, தன் பங்கை 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993 ஆக்கியது. வரைவுகள் பிறந்தது இந்த மிச்சத்திலிருந்துதான்.

அதற்கு முன்பே, கஸ்தூரிரங்கன் அறிக்கைக்குக் கேரளத்தில் நடந்த கூத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2013 நவம்பரில் ஹர்த்தால். தாமரச்சேரியில் வனத்துறை அலுவலகத்துக்குத் தீ. மலையோர விவசாயியிடம் போய், உன் வீட்டை இடிப்பார்கள், மாட்டை அவிழ்ப்பார்கள், ஏலத்தோட்டத்தை எடுப்பார்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். பாவம், நாலு ஏக்கர்க்காரன் நம்பினான். பயப்பட அவனுக்குக் காரணமும் உண்டு, வனத்துறையிடம் அவன் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் அந்த அறிக்கையும் பிறகு வந்த வரைவும் தடுக்க நினைத்தது அவன் மாட்டை அல்ல. குவாரி, சுரங்கம், மணல், அனல்மின் நிலையம், சிவப்புப் பட்டியல் ஆலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம். எந்த ஏலக்காய் விவசாயி 20,000 சதுர மீட்டரில் மாட்டுக்கொட்டகை கட்டுகிறான்? அவன் முண்டுக்குப் பின்னால் குவாரி முதலாளி ஒளிந்துகொண்டான். முண்டை விரித்துப் பிடித்துக்கொள்ள அரசியல்வாதியும் வந்தார், பாதிரியாரும் வந்தார். காட்கில் சொன்னது சரி என்று பேசிய இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014 தேர்தலில் அவர் கட்சியே அவருக்கு அந்தத் தொகுதியைக் கொடுக்கவில்லை.

நிஜப் பாடைகள் 2024 ஜூலை 30 அன்று வந்தன. நள்ளிரவு தாண்டி மலை இறங்கியது. வயநாட்டில் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை. தேயிலைத் தோட்டத்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர். அவர்களில் நம் ஊர்களிலிருந்து கூலிக்குப் போய்த் தலைமுறைகளாக அங்கேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. செத்தவர்கள் 250-க்கும் மேல். உடல்களைச் சாலியாறு மலப்புரம் வரை இழுத்துக்கொண்டு போனது. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். புத்துமலையும் 2019-இல் சரிந்து 17 பேரை விழுங்கிய ஊர்தான். அந்தக் குழிகளின் தலைமாட்டுக் கற்களில் பெயர் இல்லை, எண் இருந்தது. டி.என்.ஏ. மாதிரியின் எண். ஒரே ஆளின் உடல் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்ததால், ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட குழிகளும் இருந்தன.

இந்த மேப்பாடிப் பகுதி பலவீனமானது என்று காட்கில் அறிக்கையில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பூட்டி வைத்தார்களே, அதே அறிக்கையில்.

மறுநாள், ஜூலை 31. சேற்றுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த அந்தத் தேதியில் ஆறாவது வரைவு அரசிதழில் ஏறியது. ஆட்சேபணை உள்ளவர்கள் 60 நாட்களுக்குள் தெரிவிக்கலாம். முண்டக்கைக்காரர்கள் தெரிவித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன், படிவம் சரியில்லாததால் பதிவாகவில்லை. செப்டம்பரில் கர்நாடக அமைச்சரவை கூடி, கஸ்தூரிரங்கன் அறிக்கை வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தது. அவர்களுக்கு அன்றும் இன்றும் ஒரே பேச்சு.

கேரளம் வேறு விதமாக அஞ்சலி செலுத்தியது. ஆனக்காம்பொயிலில் ஆரம்பித்து மலையைக் குடைந்து மேப்பாடியில் வெளியே வரும் எட்டு கிலோமீட்டருக்கு மேலான இரட்டைச் சுரங்கப்பாதை. ஆமாம், அதே மேப்பாடி. இதற்கு மத்திய அமைச்சகம் 60 நிபந்தனைகளோடு அனுமதி தந்தது; 2025 ஆகஸ்ட் 31 அன்று முதலமைச்சர் வேலையைத் தொடங்கிவைத்தார். மலையைக் காக்கும் அறிவிக்கை பத்தாண்டாக நகரவில்லை. மலையைக் குடையும் கோப்பு, சரிவு நடந்த ஓராண்டுக்குள் எல்லா மேசைகளையும் தாண்டிவிட்டது. சுரங்கப்பாதை என்றால் எதிர்க்கட்சியில்லை, மத்திய மாநிலச் சண்டையில்லை. தேசிய ஒருமைப்பாடு வேறெங்கும் இப்படிப் பார்க்கக் கிடைக்காது.

நாம் மட்டும் யோக்கியமா? காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாடு 2021 நவம்பரில் விதி போட்டது. நல்ல மனசு. 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து ‘காப்புக்காடு’ என்பதை மட்டும் எடுத்துவிட்டார்கள். யானைக்கு ஒரு வருஷம் ஒரு மாதம் நிம்மதி. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி போதும் என்று சொல்லக்கூட உயர் நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறாயிரம் என்றால், கட்டுப்பாடு இல்லாதபோது என்ன ஏறியிருக்கும்! மலையேற வாங்கவேண்டிய இ-பாஸ் கிடைக்கவில்லை என்று சத்தம் போட்டவர்கள் யார் என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தில் மூச்சு வாங்கி ஏறும் மலை ரயிலுக்கும் 2005-இலேயே உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள, ரயில் ஒரு நடையில் ஏற்றுவதைவிடப் பலமடங்குக் கூட்டம் காரில் ஏறிப் போகிறது.

விண்ணப்பத்துக்கே வருகிறேன். கடைசியாக ஒரு கேள்வி பாக்கி: சின்னத்துக்கு உள்ள அச்சுறுத்தல்கள் எவை? யோசித்துப் பார்த்தேன், ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. டெல்லியில் யாராவது ஒரு அதிகாரி கைதவறி இறுதி அறிவிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடலாம். அந்த நொடியில் வரைவு செத்துவிடும். அப்படி எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, மலை ஓடும் ஆறு மாநிலங்களிலும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வேறுபாடின்றி, இரவு பகலாகக் காவல் போடப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.