‘எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?’: பெங்களூருத் தமிழர் கூடங்களில் விலையூகம் – ஓர் ஆய்வு

ஆய்வேடு எதுவானாலும் தொல்காப்பியத்தில் தொடங்கவேண்டும். விலையூக விளையாட்டைப் பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை நிறுவ ஓர் இயல் முழுவதும் எழுதலாம். நெறியாளரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இங்கே அதற்கு இடமில்லை. பட்டினப்பாலைதான் கொஞ்சம் கைகொடுக்கிறது. அதில் வரும் பூம்புகார் வணிகர்கள் கூடுதலாக வாங்குவதுமில்லை, குறைத்துக் கொடுப்பதுமில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஊகிக்க என்ன இருக்கிறது? ஆகவே இவ்விளையாட்டு பூம்புகாரில் முளைக்காமல் பெங்களூரில்தான் செழித்தது என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வுக்களம்: அல்சூர், ஸ்ரீராம்புரம், ஜெயநகர் வீட்டுக் கூடங்கள். முதன்மை ஆதாரம்: சின்ன அத்தை.

முன்னாய்வுகளைச் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ என்றொரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1956-இல் என்.பி.சி.யில் பிறந்தது, 1972-இல் சி.பி.எஸ்.ஸில் மறுபிறவி எடுத்தது. பாப் பார்க்கர் என்பவர் 35 ஆண்டுகள் நடத்திவிட்டு 2007-இல் ஓய்வு பெற்றார். நாலு பேரை வரிசையாக நிறுத்தி ஒரு பொருளைக் காட்டி விலை கேட்பார்கள். அசல் விலையைத் தாண்டாமல், அதற்கு மிக நெருக்கமாகச் சொன்னவர் ஜெயித்தார். தாண்டினால் போச்சு. இதில் நாலாவது ஆளுக்கு ஒரு வசதி உண்டு. முந்தினவர் 800 டாலர் என்றால் இவர் 801 என்று சொல்லி அவர் வாயில் மண்ணைப் போட்டுவிடலாம்.

இதை மூன்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். நான் கட்டிவிடவில்லை, பெர்க், ஹியூசன், வாண்டசாண்டே என்ற மூவரின் கட்டுரை 1996-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’வில் வந்திருக்கிறது. நாலாவது ஆட்கள் பலர் அந்த ஒரு டாலர் உபாயத்தைக் கையாளாமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள், பகுத்தறிவுக் கோட்பாடு இங்கே பொய்க்கிறது என்பது முடிவு. முதன்மை ஆதாரத்திடம் இதைப் படித்துக் காட்டினேன். “ஏன்டா, ஒரு ரூபா கூடச் சொல்லி ஓரகத்தியைக் கவுத்துட்டு, அப்புறம் அவகூடவே சமையக்கட்டுல நிக்க வேணாமா?” (சின்ன அத்தை, வாய்மொழி, அல்சூர்). மூவரின் சமன்பாடுகளிலும் ஓரகத்தி என்ற மாறி இல்லை.

இந்த நிகழ்ச்சியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே சோப்பையும் சூப் டப்பாவையும் காட்டியே விலை கேட்பார்கள். இங்கே சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ம், அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளும் குறுக்கே நிற்கின்றன. பொட்டலத்தின் மேலேயே எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலையை அச்சிட்டாகவேண்டும். போட்டியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே எம்.ஆர்.பி. அச்சிட முடியாத பொருள்களே ஆய்வுக்கு உரியவை.

காய்கறி: கே.ஆர். மார்க்கெட்டில் விற்பவரே விலையைக் கூவிவிடுகிறார், ஆய்வுக்குப் பயன்படாது.

மாடு: பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஊகம்தான் மிச்சம். ஆனால் படம் பிடித்தால் துண்டு மட்டுமே தெரியும்.

ஆட்டோ: 2025 ஆகஸ்டு முதல் பெங்களூரில் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். மீட்டர் இருப்பதால் ஊகத்துக்கு இடமில்லை என்பது சட்டத்தின் நிலைப்பாடு.

சைட் என்கிற வீட்டுமனை: முப்பதடிக்கு நாற்பதடி. “இதை நான் என்ன விலைக்கு வாங்கினேன், சொல்லு” என்று பெரியவர் கேட்பார். பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. ஒதுக்கியதாக இருந்தால் குரல் இன்னும் உயரும். எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறீர்களோ அவ்வளவு மகிழ்ச்சி அவருக்கு. நான்கு முறை தவறாகச் சொல்லாமல் சாப்பாடு போடமாட்டார்கள்.

இனிச் சேலை. ஆய்வின் உயிர்நாடி இதுதான்.

விலை கேட்பவர்கள் இரு வகை. பதினெட்டாயிரத்துக்கு வாங்கிவிட்டுக் கேட்பவர் பெருமைக்காரர். பதினைந்து என்று நீங்கள் சொல்லவேண்டும், அவர் “பதினெட்டு!” என்று முடிப்பார். இருபது என்றால் சேலையே மலிவாகிவிடும். எட்டு என்றால் உறவே மலிவாகிவிடும். அமெரிக்க விதி இவருக்குப் பொருந்துகிறது. சிக்பேட்டையில் கால்கடுக்கப் பேரம்பேசி ஆறாயிரத்துக்கு வாங்கிவிட்டுக் கேட்பவர் சாமர்த்தியக்காரர். இவரிடம் அசல் விலையைத் தாண்டாவிட்டால்தான் தோல்வி. பத்துக்குக் கீழே வாயைத் திறக்கக்கூடாது. பாப் பார்க்கர் 35 ஆண்டு நடத்தியது பாதி ஆட்டம்தான்.

எதிரில் இருப்பவர் எந்த வகை என்று எப்படிக் கண்டுகொள்வது? சேலை கடைப்பெட்டியோடு வந்தால் பெருமை. வேறேதோ கடையின் பழைய பையிலிருந்து வந்தால் சாமர்த்தியம் (சின்ன அத்தை, மேலது, காபிக்குப் பின்). இதைப் பெரிய அத்தை ஏற்கவில்லை. பெட்டி ஒரு பொருட்டே அல்ல, “சும்மா சாதாரணமா ஒண்ணு எடுத்தேன்” என்ற பீடிகை வந்தாலே பெருமை என்கிறார் (பெரிய அத்தை, சின்ன அத்தையை மறுத்து, மாடிப்படி உரை, இரண்டாம் திருத்திய பதிப்பு). இருவரும் கவனிக்கத் தவறிய மூன்றாவது காரணி கணவர். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் சேலைக்கு இரண்டு விலை உண்டு: கொடுத்தது, சொன்னது. ஊகம் சொன்ன விலையைத் தாண்டினால் பேப்பர் கீழே இறங்கும். அப்போது வகைப்பாட்டை மறந்து, “மூவாயிரத்துக்குள்ள இருக்குமா?” என்று பணிவோடு கேட்பதே முறை (மு.கு. சின்ன அத்தை, பெரிய அத்தையின் மறுப்புக்கு மறுப்பு, தொலைபேசி வழி; குக்கர் விசிலால் இரண்டு வாக்கியங்கள் சிதைந்துள்ளன; சிதைவை மாமா தம் ஊகத்தால் நிரப்பித் தந்த பாடம் நம்பத்தக்கதல்ல).

விதிவிலக்கு, மைசூர் சில்க். கர்நாடக அரசின் பட்டு நிறுவனமான கே.எஸ்.ஐ.சி. கடையில் பேரம் கிடையாது. விலை ஊருக்கே தெரியும். அங்கே ஊகம் வேறு திசையில் போகிறது: தள்ளுபடிக்கு முன்பு வாங்கியதா, பின்பா? இதைத் தனி ஆய்வாகச் செய்ய நிதிநல்கை கேட்டு எழுதலாம். கே.எஸ்.ஐ.சி. பற்றி ஏற்கனவே ஆய்வு இல்லாவிட்டால் “ஆய்வு இடைவெளி” என்றும், இருந்தால் “மறுவாசிப்பு” என்றும் விண்ணப்பத்தில் குறிப்பிடுவது வழக்கம்.

கடைசியாக, சரியாகச் சொல்வது என்ற பெருங்குற்றம். 2008-இல் டெர்ரி நீஸ் என்பவர் அந்த அமெரிக்க மேடையில் மொத்தப் பரிசுப் பொருள்களின் விலை 23,743 டாலர் என்றார். ஒரு டாலர் பிசகவில்லை. நடத்துநர் ட்ரூ கேரியின் முகத்தில் வியப்பைவிடச் சந்தேகம்தான் அதிகம். நம் கூடங்களிலும் இதே நிலை. விலையை ரூபாய் சுத்தமாகச் சொன்னவரிடம் யாரும் “பலே” என்பதில்லை. “அப்ப நீயும் அதே கடைக்குத்தான் போனியா?” என்ற கேள்வி வருகிறது, அடுத்து, “எங்கிட்ட ஏன் சொல்லலை?”

ஆய்வு தொடர்கிறது. தரவு போதவில்லை. வாசகர்கள் இந்தத் தீபாவளிக்குச் சிக்பேட்டையில் எடுக்கும் சேலையின் பில்லைக் கடை வாசலிலேயே கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் சொன்ன விலையைப் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்தால் இன்னும் உதவியாக இருக்கும்.