மண் தின்னப் போன கதை

ஆகஸ்ட் மாதம் அயோவா மாநிலத்தில் பார்ப்பதற்கு இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மக்காச்சோளம். இன்னொன்று, அதற்குப் பின்னால் நிற்கும் மக்காச்சோளம். இது தெரிந்தும் சுமார் ஏழாயிரம் பேர் வசிக்கும் நாக்ஸ்வில் என்ற சின்ன ஊரில், அந்த மாதம் மட்டும் ஊர் கொள்ளாத கூட்டம் வந்து இறங்கும். அரை மைல் மண் தடத்தில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றி வருவதைப் பார்க்கத்தான் அவ்வளவு பேரும். 2005இல் அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.

இழுத்துக்கொண்டு போனவர் சிகாகோ அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர். சொந்த மாநிலம் இண்டியானா. அவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று நான் கேட்டதில்லை. பந்தய ஓட்டுநர் ஸ்டீவ் கின்ஸர் நம்பிக்கை உண்டு. கின்ஸரும் இண்டியானாக்காரர் என்பதால் இது குலதெய்வ வழிபாடு என்றே வைத்துக்கொள்ளலாம். துணைக்கு என் அறை நண்பனையும் சேர்த்துக்கொண்டோம். அவன் வந்ததற்கு ஒரே காரணம், பெட்ரோல் செலவு இண்டியானாக்காரருடையது.

300 மைலுக்கு மேல் பயணம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி, உலகத்திலேயே பெரிய லாரி நிறுத்தம் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட வால்காட்டில் காபி குடித்ததும் இண்டியானாக்காரர் தலபுராணத்தை ஆரம்பித்தார். மரியன் கவுண்டி பொருட்காட்சித் திடலில் ஆதியில் குதிரைகள் ஓடின. பிற்பாடு அதே வட்டத்தில் கார்கள் ஓடின, குதிரைகள் ஆட்சேபிக்கவில்லை. 1961இல் ‘நேஷனல்ஸ்’ என்ற இந்தப் பந்தயம் முதன்முறை நடந்தது, ராய் ராபின்ஸ் ஜெயித்தார். அடுத்த பத்து வருடத்தை இண்டியானாக்காரர் ஒரே மூச்சில் தாண்டிவிட்டார். அதில் கின்ஸர் இல்லை.

1971இல் மட்டும் வண்டி சற்று நின்றது. அந்த வருடம் ஜெயித்தவர் ஜான் ஓப்பர்மன். நீள முடி, அகலத் தொப்பி, பார்த்தால் பக்கா ஹிப்பி. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் விவசாயிகள் நிறைந்த ஊரில், ஒரு ஹிப்பி வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? சரி, திட்டலாம் என்று பார்த்தால் அந்த மனிதர் பைபிள் பிரசங்கமும் செய்கிறவர். திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

அப்புறம் 1978. எந்த ஊரில் பரிசுப்பணம் அதிகமோ அந்த ஊருக்கு வண்டி கட்டும் நாடோடி ஓட்டுநர்களையெல்லாம் டெட் ஜான்சன் என்பவர் ஒன்று சேர்த்து ‘வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ்’ என்று பெயர் வைத்தார். எந்தச் சட்டத்துக்கும் அடங்காதவர்களின் சங்கம். அதற்கு ஓர் அட்டவணை, ஒரு புள்ளிப் பட்டியல், ஒரு விதிப் புத்தகம்! முதல் வருடப் பட்டம் கின்ஸருக்கு. 2005 முடியும்போது அவர் கணக்கில் 20 பட்டங்கள். இத்தனை வருடமும் மற்றவர்கள் எதற்காக ஓட்டினார்கள் என்பதை யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

“எல்லாம் சரி, அந்தக் காரில் அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்டான் நண்பன். கேட்டிருக்கக் கூடாது, அடுத்த நூறு மைல் அதிலேயே போயிற்று. ஸ்பிரின்ட் காரின் விசேஷம் அதில் இல்லாதவைதான். ஸ்டார்ட்டர் கிடையாது. கிளட்ச் கிடையாது. கியர் மாற்றும் வேலையே கிடையாது. பின்னால் ஒரு லாரி வந்து முட்டித் தள்ளினால்தான் இன்ஜின் உயிர்பெறும். உயிர் வந்துவிட்டால் 800 குதிரைத்திறனுக்கு மேல். எடையோ ஓட்டுநரையும் சேர்த்து 650 கிலோவைத் தொடாது. குடிப்பது மெத்தனால். வலப்பக்கப் பின் டயர் இடப்பக்கத்ததைவிடப் பெரியது. அதனால் கார் தானாகவே இடப்பக்கம் சாயப் பார்க்கும். திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும்; இடப்பக்கம் திரும்ப ஓட்டுநர் வலப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடிப்பார். தலைக்கு மேலே ஐந்தடிக்கு ஐந்தடியில் ஓர் அலுமினிய இறக்கை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும். விமான இறக்கை மேலே தூக்கும், இது கீழே அமுக்கும். அமுக்காவிட்டால் விமானம்தான்.

நாக்ஸ்வில்லை அடைந்தபோது ஊரில் விடுதி அறை ஒன்றுகூடக் காலியில்லை. அறைகளை ஒரு வருடம் முன்பே பிடித்துவிடுவார்களாம். நல்ல இருக்கைகளோ அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற பூர்வீகச் சொத்து. எங்களுக்குக் கிடைத்தது திருப்பத்தை ஒட்டிய இடம். அது ஏன் சுலபமாகக் கிடைத்தது என்பது முதல் கார் திரும்பியபோது விளங்கியது. அந்தத் தடம் சுத்தக் கரிசல். தண்ணீர் லாரி நனைத்துப் பதப்படுத்திய ஈரமண், டயரில் ஒட்டிக்கொண்டு சுற்றி, கட்டிகட்டியாக வேலியைத் தாண்டி வந்தது. பழகியவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பீர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்கள். என் நண்பன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு யசோதை வந்து அவனை வாய் திறக்கச் சொல்லியிருந்தால் ஈரேழு உலகமும் தெரிந்திருக்காது. மரியன் கவுண்டி முழுசாகத் தெரிந்திருக்கும்.

நேஷனல்ஸ் நான்கு இரவுத் திருவிழா. நூறு கார்களுக்குக் குறையாமல் வரும். ஏ என்கிற சனிக்கிழமை இறுதியில் ஓடுவது 24. நடுவே டி, சி, பி என்று தலைகீழ் அரிச்சுவடி. சி-யில் ஜெயித்தவன் பி-யின் வாலில் சேரலாம், பி-யில் தப்பியவன் ஏ-யின் வாலில் தொற்றிக்கொள்ளலாம். பணமும் புகழும் ஏ-யில் என்றாலும், என்னைக் கேட்டால் நிஜமான சண்டை பி-யில்தான். அங்கே எல்லோருக்கும் ஊருக்குத் திரும்பிப் போகிற பயம்.

இதில் எனக்குப் பிடித்துப்போனது இரைச்சல் அல்ல, மண். சாயங்காலம் அது பிசுபிசுவென்று டயரைப் பிடித்துக்கொள்கிறது. இரவு ஏற ஏறக் காய்ந்து வழுக்குகிறது. உள்வட்டம் வழுக்கினால் ஓட்டுநர்கள் மேலே சுவரோரம், உதிரி மண் ஒதுங்கிக் கிடக்கும் வரப்பில் சக்கரத்தை அண்டக்கொடுத்துப் போகிறார்கள். வரப்பு ஓர் அடி தவறினால் சுவர். எட்டு மணிக்கு ராஜபாட்டையாக இருந்த பாதை பத்து மணிக்குப் பொட்டல். எந்த நேரத்தில் மண் என்ன நினைக்கிறது என்று தெரிந்தவன் பிழைக்கிறான்.

தெரிந்தவரான கின்ஸருக்கு அப்போது வயது 51. இறுதிப் போட்டி தொடங்குமுன் கார்கள் நாலு நாலாக வரிசைகட்டி ரசிகர்களுக்கு வணக்கம் வைத்தன. இண்டியானாக்காரர் எழுந்து நின்றவர் பிறகு உட்காரவே இல்லை. பின்வரிசைக்காரர் சொன்ன வார்த்தைகள் அவர் காதில் விழவில்லை, என் காதில் விழுந்தன. 11ஆம் எண் கார் ஜெயித்தது. கின்ஸருக்கு 12ஆவது நேஷனல்ஸ். எங்கள் ஆள் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். கன்னத்து மண்ணில் இரண்டு வாய்க்கால் ஓடியிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் “பதின்மூன்று நிச்சயம்” என்றார். நான் ஒரு மதியச் சாப்பாடு பந்தயம் கட்டினேன். அடுத்த வருடம் டானி ஷாட்ஸ் என்கிற வடக்கு டகோடா பையன் ஜெயித்தான். அதற்கடுத்த மூன்று வருடமும் அவனே. இண்டியானாக்காரர் அசரவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கின்ஸர்மேல் கட்டினார், ஒவ்வொரு ஆகஸ்டிலும் எனக்குச் சோறு போட்டார். 2014இல் கின்ஸர் முழுநேர ஓட்டத்தை நிறுத்தியபோது அவரைவிட அதிகம் நஷ்டப்பட்டவன் நான்தான்.