எட்டு வினாக்களும் கால் கிலோ அல்வாவும்

நாட்பட்ட நோயுள்ள ஒருவர் உடல்நலச் செய்திகளைக் கைப்பேசியில் தேடி, புரிந்துகொண்டு, மெய்யா பொய்யா என எடைபோட்டு, அதன்படி தம்மைப் பேணிக்கொள்ளும் திறனை ஆய்வாளர்கள் மின்வழி நலவாழ்வு எழுத்தறிவு என்பர். அதை அளக்க நார்மன், ஸ்கின்னர் ஆகிய இருவர் 2006-இல் வகுத்த அளவுகோலின் 8 வினாக்களும் ஒருவருக்கு என்ன தெரியும் என்று சோதிப்பதில்லை; தமக்குத் தெரியும் என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதையே கேட்கின்றன. இக்கோலைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தால், ஆவாரம்பூக் கஷாயத்தில் சர்க்கரை அடியோடு தீரும் என்ற காணொளியை விடியுமுன் உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாலையில் நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வாவுக்கு வரிசையில் நிற்கும் அண்ணாச்சியே முதலிடம் பெறுவார். வரிசையில் நகர்ந்த அடிகளையும் கைக்கடிகாரம் நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிடும் என்பது உபரி லாபம். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குத்தான் இந்தத் தன்னம்பிக்கையை மதிக்கத் தெரிவதில்லை.

14 இலக்க ‘ஆபா’ நலவாழ்வு எண்ணுக்கான ஒருமுறைக் கடவுச்சொல் சென்னையிலுள்ள பேரனின் கைப்பேசிக்குப் போய்ச் சேர, அம்பாசமுத்திரத்து ஆச்சியோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் வாசலில் தந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கி, அவர் அடுத்து வரும் நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பார். அந்த அளவுகோலில் ஆச்சிக்கு மதிப்பெண் குறைவாகத்தான் விழும். மாத்திரை அட்டையின் காலிக் குழிகளை எண்ணச் சொல்லும் வினா அந்த எட்டில் இல்லை.