எட்டு எம்எம் கண்ணும் ஐம்பது சதவீதமும்

தள்ளுபடி என்றால் என்னவென்று ஏலக்காய் ஊரான போடிநாயக்கனூரின் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2022இல் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. கணக்குப் போட்டால் 85 சதவீதத்துக்கும் மேல் தள்ளுபடி! ஆனால் யாரும் மேளம் வைக்கவில்லை, பலூன் கட்டவில்லை, வாசலில் ஒரு நடிகையின் கட்அவுட் கூட நிற்கவில்லை. மலையில் தோட்டம் வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்ச நாளைக்கு யாரிடமும் பேசாமல் நடமாடினார்கள்.

அப்படிப்பட்ட போடியில்தான் ஆடி பிறந்ததும் ஜவுளிக்கடை வாசலில் ‘50%’ என்று ஆளுயரத்துக்கு எழுதித் தொங்கவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் ‘வரை’ என்று ஒன்று இருக்கும். ஏலக்காய் விதை அளவுக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது, முகூர்த்தப் பட்டு விற்காது, ஆவணி வருவதற்குள் பழைய சரக்கைத் தள்ளியாக வேண்டும். கடைக்காரரின் நியாயம் அவருக்கு. நம் ஆட்களோ ஒரு மாசம் முன்பே சேலை எடுப்பதை நிறுத்திவிட்டு ஆடிக்காகக் காத்திருப்பார்கள். ஆனியில் கடை ஏன் காற்று வாங்குகிறது என்று யோசித்தால் விடை இங்கே இருக்கிறது.

எங்கள் மதினி ஒருவர் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவர். ஒரு கை அள்ளினால் போதும், “இது எட்டு எம்எம், இது ஏழு தேறும், இது சும்மா தோலு” என்று சொல்லிவிடுவார். சல்லடை பின்னால் வந்து அதையே உறுதி செய்யும். அப்பேர்ப்பட்ட கண் ஒரு விலைச்சீட்டின் முன்னால் திணறுவதைப் பார்க்க வேண்டுமே!

ஆடித் தள்ளுபடியில் அவர் எடுத்த சேலையில் 895 என்று ஸ்டிக்கர். மதினி நகத்தால் ஓரத்தைக் கீறினார். அடியில் 795. இன்னும் கீறினார். 650.

“ஏத்தா, இதுல எது வெல?”

“மேல இருக்கதுதான்க்கா. அதுல அம்பது பெர்சென்ட் போயிரும்.”

“அப்ப எதுக்கு ஏத்துனீக?”

“கொறைக்கணும்லக்கா.”

இதைவிடத் தெளிவாக யாரும் வியாபாரத்தை விளக்கியதில்லை. எம்ஆர்பி என்பதை அரசாங்கம் நிர்ணயிப்பதாக நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சேலைக்கும் சட்டைக்கும் அதைத் தயாரிப்பவரே முடிவு செய்து அச்சடிக்கிறார். அதற்கு மேல் விற்கக் கூடாது, வரியும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதுதான் சட்டம். எவ்வளவு உயரத்தில் கோடு போடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. உயரத்தில் போட்டால் பாதியாக இறக்கியும் காட்டலாம். சில இடங்களில் இறக்கியபின் வரியைத் தனியாகவும் போட்டார்கள். ‘எல்லா வரிகளும் உட்பட’ என்று அச்சடித்த பொருளுக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டு அதன்மேல் வரி வாங்கினால் அது முறையற்ற வணிகம் என்று டெல்லியில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் தீர்ப்பே சொன்னது. ஒரு ஜாக்கெட்டுக்கு வாங்கிய வரிக்காக அந்த வழக்கைத் தொடுத்த மனிதரை எனக்கு நேரில் பார்க்க ஆசை.

கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் என்றால் 30 சதவீதம்தான், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனாலோ என்னவோ வீட்டுக்கு வந்து சொல்லிப் பீற்றிக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை.

மதினி சேலை எடுத்த கடையிலோ, அடுத்த மாடியில் ‘50% + 20%’ என்று ஒரு போர்டு. எழுபது என்று அங்கிருந்த எல்லோருமே கூட்டிவிட்டார்கள், கல்லூரிப் பெண்கள் உட்பட. ஆயிரம் ரூபாய்ச் சுடிதார் முதலில் 500 ஆகி, மிஞ்சிய ஐந்நூறில்தான் 20 சதவீதம் போய், 400க்கு வந்து நிற்கும். ஆகமொத்தம் 60. “நடுவுல பத்து எங்கடா போச்சு?” என்று ஒரு பெரியவர் விற்பனைப் பையனைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கும் தெரியவில்லை. தன் பையிலிருந்து எடுத்துத் தர வேண்டியிருக்குமோ என்கிற பயம் முகத்தில் தெரிந்தது.

பில் போடும் இடத்தில்தான் உண்மை வெளிவந்தது. 895இல் பாதி 447 ரூபாய் 50 காசு என்று மதினி விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் 716 என்றது.

“அம்பது அந்த ராக்குக்கு மட்டும்தான்க்கா. இது இருபது.”

“நான் அந்த ராக்குலதானய்யா எடுத்தேன்!”

“யாராச்சும் பாத்துட்டு மாத்தி வச்சிருப்பாங்க.”

கேரள எல்லையில் போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு கூலி, தாண்டிப் போனால் வேறு கூலி. அதற்காகத்தான் விடியுமுன்னே ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலையேறுகிறார்கள். சேலைக்கும் அந்தச் சூட்சுமம் தெரிந்து, அரைவிலை ராக்கில் போய்க் குந்தியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதினிக்கோ நியாயம் வேண்டும்.

“ஐயா, முதலாளியக் கூப்புடு.”

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். மதினி சேலையை மேசையில் விரித்து, சாம்பிள் காயைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது மாதிரியே இரண்டு விரலால் நிரடினார்.

“நானூத்தி அம்பது.”

“ஒரே விலைக் கடைம்மா இது.”

“ஒரே வெலையா? மூணு ஸ்டிக்கர் இருக்கே!”

முதலாளி ஸ்டிக்கரைப் பார்த்தார். மதினியின் நகத்தைப் பார்த்தார். பின்னால் நீண்டிருந்த வரிசையையும் பார்த்தார்.

“அறுநூறு குடும்மா.”

“நானூத்தி எழுவத்தஞ்சு. பையி வேணாம்.”

“ஐந்நூறு. தம்பி, பில்லப் போடு.”

இத்தனை வருஷம் ஒரே விலை என்று சுவரில் பெயிண்ட் அடித்து வைத்திருந்த கடை அது. மதினிக்குப் பின்னால் நின்ற அம்மா தன் கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். முதல் சுடிதாரின் ஸ்டிக்கரில் நகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்:

“எனக்கு எம்புட்டு?”