ஹால்காரர்

ஆரணிப் பக்கம் சேத்துப்பட்டில் வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். ஹால் கட்டியவர் இவர் ஒருவர்தான். மற்ற அறைகளெல்லாம் ஹாலுக்கு ஒத்தாசையாக வந்தவை. சமையலறைக் குழாய் ஒழுகினால் "பாத்துக்கலாம்" என்பார். ஹாலில் ஒரு குஷன் இடம் மாறியிருந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ரேஷன் கார்டில் என்ன பெயரோ, தெருவுக்கு அவர் ஹால்காரர்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹால் அவதாரம் எடுக்கும். முதலில் ராஜஸ்தான், கண்ணாடி பதித்த ஒட்டகங்கள் சுவர் முழுக்க நடந்தன. அப்புறம் 'மினிமல்', உட்கார ஒன்றுமில்லாததால் வந்தவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள். இப்போது டிராப்பிக்கல்.

"டிராப்பிக்கல்னா இன்னா மாமா?" என்று எதிர்வீட்டுத் தறிக்காரப் பையன் கேட்டான்.

"வெப்பமண்டல ஸ்டைலுப்பா. அங்கெல்லாம் எப்பவும் வெயிலு, தென்னை, வாழை, பச்சைப்பசேல்னு செடி. பாத்தாலே மனசு குளுந்துடும்."

"அது எங்க மாமா கீது?"

ஹால்காரர் கையை மேற்காக வீசினார். அந்தத் திசையில் போளூர் ரோடுதான் இருக்கிறது.

கடகரேகை இருபத்து மூன்றரைப் பாகையில் ஓடுகிறது, சேத்துப்பட்டு பன்னிரண்டரையில். ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் சூரியன் இந்த ஊருக்கு நேர் மேலே வந்து நிற்கும். உச்சிப்பொழுதில் நம் நிழல்கூட வெயில் தாங்காமல் காலடியில் ஒண்டிக்கொள்ளும். இதைவிட டிராப்பிக்கலாக இன்னும் ஓர் இடம் வேண்டுமென்றால் அடுப்புக்குள்தான் தேடவேண்டும்.

இந்த ஹால் ஹாலாவதற்கு முன்னால் தறிக்கூடம். இவர் அப்பா ஆரணிப் பட்டு நெய்தவர். குழித்தறி, குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கட்டையை மிதித்தபடி, நாடாவை இப்படியும் அப்படியும் ஓடவிட்டவர். மண்குழியின் ஈரத்தில் பாவு இழை காய்ந்து அறுந்துபோகாமல் கிடக்கும். மேலே நாட்டு ஓடு, நடுவில் முற்றம், தெருப்பக்கம் திண்ணை. காற்று வாசலில் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, முற்றத்து வழியாகச் சொல்லிக்கொண்டு போகும்.

ஹால்காரர் தலையெடுத்ததும் தறியைப் பிரித்தார். குழியை ஜல்லி கொட்டி மூடினார். முற்றத்துக்கு மேல் கான்கிரீட் போட்டார். திண்ணையை இடித்துக் கார் ஏறச் சரிவு கட்டினார். காற்று கொஞ்ச நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. உடனே ஏ.சி. வந்தது. பதினெட்டில் வைத்தார்.

தறிக்குழி இருந்த அதே இடத்தில் இப்போது ஒரு ஜாடி, ஜாடியில் அரேகா பனை. மடகாஸ்கர் தீவுச் செடி. ஏ.சி. காற்றில் ஈரம் வற்றி, பத்து நாளில் அதன் இலைநுனியெல்லாம் பழுப்பேறிவிட்டது. "கண்ணு பட்டுடுச்சி" என்று ஹால்காரர் பூசணிக்காய் சுற்றினார். அப்புறம் விவரம் தெரிந்த யாரோ சொல்லி, காற்றில் ஈரம் விடுகிற மிஷின் ஒன்று வாங்கினார். அப்பாவுக்குக் குழி சும்மா கொடுத்ததை மகனுக்கு மிஷின் மாதத் தவணையில் கொடுக்கிறது.

அவர்மீது மட்டும் பழி போடுவதில் நியாயமில்லை. இந்த ஸ்டைலே குளிரில் நடுங்கியவர்கள் கண்ட கனவுதான். லண்டன் பக்கத்தில் கியூ தோட்டத்தில் 1848இல் ஒரு பனைமர மாளிகையைக் கட்டி முடித்தார்கள். சுற்றிலும் கண்ணாடி, அடியில் கொதிகலன். பனைமரத்துக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு அவ்வளவு ஏற்பாடு. பிளாஸ்டிக் பூநாரையை 1957இல் உருவாக்கியவர் பனி கொட்டுகிற மாசசூசெட்ஸ்காரர். வெயிலுக்கு ஏங்குகிறவன் வெயிலை வரைந்து மாட்டிக்கொள்கிறான். நம்மவர் அந்த ஏக்கத்தையும் சேர்த்து இறக்குமதி செய்துவிட்டார். ஏக்கம் சரியாக வரவேண்டுமென்று அக்னி நட்சத்திரத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். நிஜப் பூநாரைகள் பழவேற்காட்டுக்கு வந்து போகின்றன என்றால், "அதெல்லாம் சேறு மிதிக்கும்பா" என்கிறார்.

நாலு சுவரிலும் இடைவெளியில்லாமல் வாழையிலை வால்பேப்பர். அன்னாசி வடிவில் விளக்கு. பிரம்பு சோபா, ஹால்காரருக்கும் பிரம்புக்கும் இருந்த பழைய உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது, இப்போதுதான் சமாதானமாகி மேலே உட்கார்ந்திருக்கிறார். மணிபிளான்ட் மட்டும் விலைக்கு வாங்கவில்லை. தாகித்திக்குப் பக்கத்துத் தீவில் பிறந்த கொடியானாலும், நம் ஊர் வந்தபிறகு திருடி நட்டால்தானே வளரும்! லட்சத்துக்குச் சாமான் வாங்கிய மனிதர் ஒரு முழக் கொடிக்காக இருட்டில் மச்சானை அனுப்பினார்.

ஹால்காரரின் மூத்த மருமகன் கொழும்பு போயிருந்தபோது, கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். வீட்டுக்குள்ளேயே திறந்த முற்றங்கள், வெளிச்சமும் மழையும் நேராக உள்ளே. ஹால்காரர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் வருத்தத்தோடு சொன்னார்: "இவ்ளோ பெரிய இன்ஜினீரு. ஒழுகறதை அடைக்கத் தெரியல பாரேன்."

ஹாலின் மகுடம் மான்ஸ்டெரா. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை காட்டில் படர்கிற செடி. பெரிய இலை, இலையெல்லாம் ஓட்டை. அதன் படத்தை எடுத்துக்கொண்டு அட்டை குத்துகிற பெரியவரிடம் போனார்.

"மகளுக்கு நிச்சயதார்த்தம். இந்த இலையை முந்தியில புட்டாவா போட்டுக் குடுங்க."

ஜக்கார்டு அட்டையில் ஓட்டை விழுந்த இடத்தில் இழை எழும். வாழ்நாளெல்லாம் ஓட்டையோடு பழகியவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த அட்டையை யாரோ தப்பா குத்திட்டாங்க தம்பி."

"அது இலைங்க. அப்படியேதான் வளரும்."

"வளரட்டும். பட்டுல போட்டா எலி கடிச்ச புடவைன்னு பேராயிடும். நான் அடைச்சிட்றேன்."

அடைத்தார். மான்ஸ்டெராவில் ஓட்டையை அடைத்தால் மிஞ்சுவது அழகான வெற்றிலை. ஹால்காரர் கண்ணுக்கு அது மான்ஸ்டெராவாகவே இருந்தது. டிராப்பிக்கல் பட்டு என்று கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் முந்தியை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். "வெத்தலைக் கொடி! எவ்ளோ லட்சணமா கீது. எங்க புடிச்சீங்க?"

ஹால்காரர் மெக்சிகோவில் ஆரம்பிக்க வாயெடுத்தார். மனைவி பார்த்த பார்வையில் பனாமா வரைக்கும் விழுங்கிவிட்டு, "ஆமாங்க, வெத்தலைதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஐம்பது பேர், அன்னாசி விளக்கு அவிந்துவிட்டது, ஏ.சி. பெருமூச்சு விட்டு நின்றது. "ஜன்னலைத் தொறங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஹால்காரர் எழுந்தார். ஜன்னல் இருக்கிறது; அவரே வைத்ததுதான். எந்த வாழையிலைக்குப் பின்னால் என்பதுதான் நினைவில்லை. சுவரோடு சுவராகத் தட்டிக்கொண்டே போகிறார்.