ஒழுகும் கூலன்ட்: பழைய கார்க்காரர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: காலையில் காருக்கு அடியில் ஈரம். ஒழுகியது கூலன்ட்தானா?

பதில்: ஈரத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒற்றி எடுத்தால் தெரிந்துவிடும். நிறமும் மணமும் இல்லாவிட்டால் அது ஏசி கக்கிய தண்ணீர், கவலை வேண்டாம். கறுத்துப் பிசுபிசுத்தால் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என ஏதாவதொரு சாயலும் வழவழப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட். ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டிய வண்டியென்றால் துரு நிறம். நாக்கில் வைத்து மட்டும் பார்க்கக் கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நச்சு. இனிப்புக்காக அதை நக்கும் நாயும் பூனையும் செத்துப்போகும். சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும்.

கேள்வி: வண்டி ஓடும்போது ஒழுகுகிறது, மெக்கானிக் பார்க்கும்போது நின்றுவிடுகிறது. இது என்ன மாயம்?

பதில்: மாயமில்லை, அழுத்தம். ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை மூடி உள்ளே தாங்கிப் பிடிக்கிறது. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. சூடான எஞ்சினில் இந்த அழுத்தம் நுண்ணிய விரிசலையும் திறந்துவிடும். ஆறியதும் விரிசல் மூடிக்கொள்ளும். அதனால்தான் பட்டறைகளில் பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்பு இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுக்குக் காற்றை ஏற்ற வேண்டும். முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது.

கேள்வி: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: செலவு குறைந்த இடத்திலிருந்து. முதலில் ஹோஸ் பைப்புகள். ஆறிய எஞ்சினில் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் அழுந்தி மீளும். கெட்டது கொழகொழவென்று இருக்கும், அல்லது மொறமொறவென்று வெடிக்கும். கிளிப் இறுகும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கசிவு அங்கேதான். கிளிப்பை மேலும் முறுக்கினால் பழைய ரப்பர் அறுபடும். பைப்பையும் கிளிப்பையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

அடுத்தது மூடி. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலன்ட்டை உள்ளே இழுத்துக்கொள்ள அதில் ஒரு சிறு வால்வு உண்டு. அது அடைத்துக்கொண்டால் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலும் புது மூடி போட வேண்டியதுதான்.

கேள்வி: வாட்டர் பம்ப்பில் ஒரு துளை இருக்கிறதே, அதை எம்-சீல் வைத்து அடைக்கலாமா?

பதில்: கூடாது. அது பம்ப்பைச் செய்தவரே வைத்த துளை. உள்ளே சீல் தேய்ந்ததும் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழியவும், பழுதை உரிமையாளருக்குக் காட்டவும் அது இருக்கிறது. அடைத்தால் பேரிங் கெடும். பம்ப் இறுகிப்போனால் பெல்ட் அறும். துளையில் தொடர்ந்து சொட்டினால் பம்ப்பை மாற்ற வேண்டும். பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்றால் அதையும் கூடவே மாற்றினால் ஒரே கூலியில் முடியும்.

கேள்வி: ரேடியேட்டரே ஓட்டை. பற்றவைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

பதில்: பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், கைதேர்ந்தவர் செய்தால் பல ஆண்டு தாங்கும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் தொட்டி வெடித்திருந்தால் ஒட்டுப்போடுவது நிலைக்காது, மாற்றுவதே சிக்கனம்.

கேள்வி: மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நின்றுவிடுமாமே?

பதில்: நிற்கும். நீரோட்டமும் சேர்ந்து நின்றுபோகலாம். தூள் ஊறிப் பருத்து ஓட்டையை அடைப்பதுபோலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். நடுக்காட்டில் நின்ற வண்டியைப் பட்டறை வரை கொண்டுசேர்க்க அது கைகொடுக்கலாம். சேர்ந்ததும் முழுவதையும் அலசிவிட வேண்டும். கடையில் விற்கும் அடைப்பான்களுக்கும் இதே விதிதான்.

கேள்வி: வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது. எங்கே போகிறது?

பதில்: இரண்டு இடங்களுக்குப் போகலாம். முன்னிருக்கைக் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் பிசுக்கான பனி படிந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் புகைபோக்கியில் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தாலோ, ஆயில் பால் கலந்த காப்பி நிறமானாலோ, திறந்த ரேடியேட்டர் வாயில் குமிழி ஓயாமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றினால், அது வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்த்துச் சமப்படுத்திய பிறகே புது கேஸ்கெட் போட வேண்டும். வளைந்த ஹெட்டின் மேல் போட்ட கேஸ்கெட் நீடிக்காது.

கேள்வி: பழுது பார்த்தாயிற்று. குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: போர் தண்ணீரின் சுண்ணாம்பு எஞ்சினுக்குள் பொருக்காகப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். கலந்தே விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மின்விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். குமிழி வெளியேற வெளியேற மட்டம் இறங்கும். ஊற்றி நிரப்பி, குமிழி நின்றதும் மூட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் பழுது பார்த்த வண்டியும் சூடேறும்.

கேள்வி: வழியில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டால்?

பதில்: ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். அரைமணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையும், வெடிக்கவும் செய்யும். கையில் கூலன்ட் இல்லாதபோது, ஆறிய எஞ்சினில் குடிதண்ணீர் ஊற்றிப் பட்டறை வரை போகலாம்.

தினமும் ஊற்றி ஓட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது. ஒரு ஹோஸ் பைப்பை மாற்றச் சோம்பியவர்தான் பிறகு ஹெட்டைக் கழற்றச் செலவழிக்கிறார். வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலையில், ரிசர்வ் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள்; குறைந்திருந்தால் அன்றைக்கே காரணத்தைத் தேடுங்கள்.